குடிக்கக் கொடுத்த பாட்டில்

பிரான்ஸின் வடகிழக்கே உள்ள ஷாம்பெயின் வட்டாரத்தில், ஒரு காலத்தில் ஒயின் கிடங்குக்குள் இறங்குகிற தொழிலாளிகள் முகத்தில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டார்கள். பயம் திருடர்களிடம் அல்ல, பாட்டில்களிடம். அந்தப் பக்கத்துக் குளிரில் ஒயினின் நொதிப்பு பாதியிலேயே உறங்கிப்போகும். வெயில் தலைகாட்டியதும், மூடி இறுக்கிய பாட்டிலுக்குள்ளேயே மறுபடி விழித்துக்கொள்ளும். வாயு பொங்கும், போக வழி இருக்காது. ஒரு பாட்டில் வெடித்தால் அதன் சில்லு பட்டு அடுத்தது வெடிக்கும், பிறகு தீபாவளிச் சரம்தான். ஓவில்லேர் மடத்தில் 1668 முதல் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்ட டோம் பெரிஞோன் என்ற துறவிதான் அந்த நுரையைக் கண்டுபிடித்தார் என்று ஊர் சொல்லும். உண்மையில், நுரை வராமல் தடுக்கத்தான் அவர் பாடுபட்டார். 1715-ல் அவர் கண்மூடியபோதும் நுரை அடங்கியிருக்கவில்லை.

அடக்க முடியாததை விற்றுவிடுவது என்று வியாபாரிகள் முடிவு செய்தார்கள். கண்ணாடி தடித்தது, தக்கைக்கு மேல் கம்பிக்கூடு ஏறியது, கிடங்கில் ஆளை மிரட்டிய பண்டம் அரண்மனை மேஜைக்குப் போனது. கல்யாணம், கப்பல் வெள்ளோட்டம், பட்டாபிஷேகம் எல்லாவற்றிலும் அது நாகரிகமாகக் கோப்பையில் இறங்கியது. ஆனால் சாது வேஷம் வெளியில் மட்டும்தான். உள்ளே ஆறு வளிமண்டல அளவுக்கு அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு, அப்படியே குந்தியிருந்தது. அது மறுபடி வாலாட்டுவதற்கு இருநூறு வருஷத்துக்கும் மேல் ஆனது. அதற்கு ஒரு கார் பந்தயமும் தேவைப்பட்டது.

அந்தப் பந்தயம் பிறந்தது பாரிஸுக்குத் தென்மேற்கே, லே மான் என்ற ஊரில். 1923 மே 26-ம் தேதி மாலை, ஊருக்கு வெளியே சாதாரணப் பொதுச்சாலைகளை அடைத்து 33 கார்களை ஓடவிட்டார்கள். நிறுத்தாமல் மறுநாள் மாலைவரை ஓட வேண்டும். ஜார்ஜ் துரான், ஷார்ல் ஃபாரு, எமில் கொக்கியே என்ற மூன்று பேரின் யோசனை அது. யார் வேகம் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். கடையில் விற்கிற காரின் விளக்கு ராத்திரி முழுக்க எரியுமா, எஞ்சின் விடியும்வரை தாங்குமா என்பதுதான் கேள்வி. மழையும் ஆலங்கட்டியும் அடித்த அந்த ராத்திரியைத் தாண்டி 30 கார்கள் வந்து சேர்ந்தன. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்த வருஷம் வென்றவர் இன்னார் என்று அறிவிக்கவே ஏற்பாடு இல்லை. மூன்று வருஷம் ஓடி, மொத்தமாகக் கணக்குப் பார்த்து, அப்புறம்தான் கோப்பை.

இந்தக் கணக்குப் பித்து லே மானை விட்டுப் போகவே இல்லை. மூன்று வருஷக் கோப்பை மறைந்த பிறகும், சின்ன எஞ்சின் வைத்த கார் தன் சக்திக்கு எவ்வளவு தூரம் ஓடியது என்று அளந்து பார்க்க ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள். 'செயல்திறன் குறியீடு' என்று அதற்குத் தனிப் பரிசு. மொத்த தூரத்தில் முதலாவதாக வரும் ராட்சதக் காருக்கு ஒரு மரியாதை என்றால், இந்தக் கூட்டல் கழித்தலில் முதலாவதாக வரும் பொடியனுக்கும் மேடையில் ஒரு மரியாதை. வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். இந்தப் பரிசு இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை என்பது 1966 வரை யாருக்கும் தெரியாது.

நடுவில் 1950-ல் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கிய முதல் வருஷம் அது. பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ நடந்த ரேம்ஸ் நகரம் ஷாம்பெயின் வட்டாரத்தின் நடுநாயகம். வென்ற அர்ஜென்டினாக்காரர் ஃபாஞ்சியோவுக்கு, மொயெட் ஷாண்டன் கம்பெனிக் குடும்பத்தார் தங்கள் சரக்கில் ஒரு பெரிய பாட்டிலை நீட்டினார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் தோட்டத்து மாம்பழத்தைக் கொடுத்தனுப்புவது மாதிரிதான். வழக்கம் மற்ற பந்தயங்களுக்கும் பரவியது. வென்றவர்கள் வாங்கினார்கள், திறந்தார்கள், குடித்தார்கள். பதினாறு வருஷம் யாரும் அதற்குமேல் எதையும் யோசிக்கவில்லை.

அந்தப் பதினாறு வருஷத்தின் கடைசியில் லே மானை ஒரு கோபம் வந்து பிடித்துக்கொண்டது. 1963-ல் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி, இத்தாலியின் ஃபெராரியை விலைக்குப் பேசியது. பேச்சு கையெழுத்துவரை வந்துவிட்டது. பந்தய அணியின் பிடி கடைசியில் யார் கையில் இருக்கும் என்ற இடத்தில் முட்டிக்கொண்டு, என்சோ ஃபெராரி எழுந்து போய்விட்டார். கம்பெனித் தலைவர் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அதை மனதில் வைத்துக்கொண்டார். வாங்க முடியாதவனை அவன் வீட்டு முற்றத்திலேயே தோற்கடிப்பது என்று முடிவானது. 1960 முதல் வருஷம் தவறாமல் ஃபெராரி ஜெயித்துவந்த லே மான்தான் அந்த முற்றம். 1964-ல் ஃபோர்டு மூன்று கார்களைக் கொண்டுபோனது. மூன்றும் பாதியில் நின்றன. 1965-ல் ஆறு கார்கள். ஆறும் நின்றன. 1966-ல் எட்டு கார்களோடு வந்தது.

இந்த முறை எல்லாமே நின்றுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் மூன்று இடமும் ஃபோர்டு கையில். இங்கேதான் கம்பெனி அதிகாரிகளுக்கு ஒரு யோசனை வந்தது. முன்னால் போகிற கென் மைல்ஸை வேகம் குறைக்கச் சொல்லி, மூன்று கார்களும் வரிசையாக எல்லைக்கோட்டைக் கடந்தால் படம் எவ்வளவு ஜோராக இருக்கும்! மைல்ஸ் அந்தக் காரை வளர்த்தெடுத்த மனிதர். அந்த வருஷம் டேடோனாவையும் செப்ரிங்கையும் ஏற்கெனவே ஜெயித்திருந்தார். இதையும் ஜெயித்தால் மூன்று பெரிய பந்தயமும் ஒரே வருஷத்தில் அவருடையது. சொன்ன சொல்லைத் தட்டாமல் வேகத்தைக் குறைத்தார். படம் கிடைத்தது. ஆனால் லே மானின் கணக்குப்பிள்ளைகள் நோட்டைப் புரட்டினார்கள். மெக்லாரன், ஏமன் என்ற இருவர் ஓட்டிய இன்னொரு ஃபோர்டு கார் புறப்படும்போது மைல்ஸுக்குச் சில மீட்டர் பின்னால் நின்றது, ஆகவே 24 மணி நேரத்தில் அந்தச் சில மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது, ஆகவே வெற்றி அதற்கே! திட்டம் போட்டு அமைத்த வெற்றி, ஜெயித்திருக்க வேண்டியவர் வாயில் கசந்தது.

அதே மாலை, அதே மேடையில், யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஜோ சிஃபெர் மேடை ஏறினார். ஃப்ரிபூர் நகரத்தில் வறுமையில் வளர்ந்தவர். சிறுவயதில் ராணுவப் பயிற்சித் திடலில் காலித் தோட்டாக்கூடுகளைப் பொறுக்கிப் பழைய உலோகமாக விற்றவர். அன்று கோலின் டேவிஸுடன் சேர்ந்து ஒரு சின்ன போர்ஷே காரை ஓட்டி நான்காவதாக வந்திருந்தார். நான்காவது ஆளுக்கு மேடையில் என்ன வேலை? அந்தக் கூட்டல் கழித்தல் பரிசுதான். செயல்திறன் குறியீட்டில் சிஃபெரின் கார்தான் முதலிடம். அந்த மரியாதைக்கு ஒரு ஷாம்பெயின் பாட்டிலும் கையில் வந்து சேர்ந்தது. பனிக்கட்டியில் வைத்துச் சில்லென்று தர வேண்டிய பாட்டில் அது. கைமாறிக் கைமாறி வெதுவெதுப்பாகியிருந்தது.

கோலி சோடாவைக் குலுக்கித் திறந்தவர்களுக்கு அடுத்து நடந்தது புரியும். குளிர்ந்த திரவம் வாயுவைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடேறினால் கைவிட்டுவிடும். பாட்டில் ஆட்டம் கண்டால், மேலே தேங்கியிருக்கும் வாயு பொடிக் குமிழிகளாக உள்ளே கலந்துவிடும். மூடி திறந்த நொடியில் அத்தனை குமிழிகளும் ஒரே சமயத்தில் ஊதிப் பெருத்து, எதிரே இருப்பதைத் தள்ளிக்கொண்டு வரும். சிஃபெரின் கையில் தக்கை தானே கிளம்பியது. நுரை பீறிட்டு, மேடைக்குக் கீழே இருந்தவர்களின் தலையில் பொழிந்தது. கூட்டம் ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு சிரித்தது. சிரித்துவிட்டு, ஃபோர்டு ஜெயித்ததா தோற்றதா என்ற சண்டையைப் பேசப் போய்விட்டது. அந்த நுரை மறுபடி பீறிட ஒரு வருஷம் ஆனது.

அந்த வருஷம் ஃபோர்டுக்கு நல்ல வருஷமாகத் தொடங்கவில்லை. லே மான் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 17 அன்று கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில், அடுத்த பந்தயத்துக்கான புதுக் காரைக் கென் மைல்ஸ் சோதித்துக்கொண்டிருந்தார். 'ஜே-கார்' என்று அதற்குப் பெயர். அலுமினியத் தேன்கூட்டுத் தகடுகளை ஒட்டிச் செய்த இலேசான உடல். நேர்ச்சாலையின் முடிவில் கார் தறிகெட்டு உருண்டு உடைந்தது. மைல்ஸ் அங்கேயே போய்விட்டார். பொறியாளர்கள் காரின் உடலமைப்பையே மாற்றினார்கள், உள்ளே கனமான எஃகுக் குழாய்க் கூண்டை வைத்தார்கள். எடை கூடுகிறதே என்று அப்போது முணுமுணுத்தவர்கள் இருந்தால், அடுத்த ஜூனில் ஒரு விடியற்காலையில் அவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்.

அதற்கு முன் ஓர் அவமானம் பாக்கி இருந்தது. 1967 பிப்ரவரியில், ஃபோர்டின் சொந்த நாட்டிலேயே, டேடோனா 24 மணி நேரப் பந்தயம். ஃபோர்டு கார்களின் கியர்பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலை வாரின. ஃபெராரிகள் மூன்று, முதல் மூன்று இடத்தில், வேண்டுமென்றே பக்கம் பக்கமாக எல்லைக்கோட்டைக் கடந்தன. லே மான் படத்துக்குப் பதில் படம். ஏப்ரலில் செப்ரிங்கில், அந்த ஜே-காரைத் திருத்திச் செய்த புது மார்க்-4 கார் ஜெயித்துக் கொஞ்சம் மானத்தைக் காத்தது. ஆனால் உண்மையான தீர்ப்பு ஜூன் 10-ம் தேதி சனிக்கிழமை மாலை 4 மணிக்குத்தான். அதற்கு முந்தைய ஒரு வாரத்தில் லே மானில் எதுவுமே ஒழுங்காக நடக்கவில்லை.

அந்த ஊரில் பந்தயம் சனிக்கிழமை தொடங்குவதில்லை. வார ஆரம்பத்திலேயே தொடங்கிவிடும். வயல்வெளியெல்லாம் கூடாரம் முளைக்கும், ராட்டினம் ஏறும், உருளைக்கிழங்கு வறுவல் எண்ணெய் காயும். முதல் சடங்கு கார்களைச் சோதித்து எடைபோடுவது. ஒவ்வொரு காராக அதிகாரிகள் முன் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அகலம், உயரம், விளக்கு எல்லாவற்றுக்கும் அளவுகோல். கடையில் விற்கிற காருக்காகப் பிறந்த பந்தயம் என்ற நினைப்பு விட்டுப்போகாததால், மணிக்கு 340 கிலோமீட்டர் பறக்கும் காரிலும் மாற்றுச் சக்கரமும், துணிப்பெட்டி வைக்க இடமும் இருந்தாக வேண்டும். ஏழு லிட்டர் எஞ்சினைத் திணித்த மார்க்-4 காருக்குள் ஒரு பெட்டிக்கு இடம் கண்டுபிடித்துவிடலாம். ஓர் ஆளுக்கு இடம் கண்டுபிடிப்பதுதான் பெரும் பாடாக இருந்தது.

அந்த ஆள் டான் கர்னி. கலிஃபோர்னியாக்காரர், ஆறடி நாலங்குலம். காரின் கூரையோ இடுப்பு உயரத்தைச் சற்றே தாண்டும். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் கதவு மூடாது. ஆகவே அவருடைய முதலாம் எண் சிவப்புக் காரில், ஓட்டுநரின் தலைக்கு நேரே கூரையில் ஒரு புடைப்பு அமைத்தார்கள். மண்டையில் அடிபட்டு வீங்கினாற்போல அந்தக் கார் மட்டும் கும்பலில் தனியாகத் தெரிந்தது. அதைப் பார்த்துச் சிரித்த நிருபர்கள், கர்னியின் கூட்டாளியைப் பார்த்ததும் பேனாவை இன்னும் உற்சாகமாகத் திறந்தார்கள்.

கூட்டாளி ஏ.ஜே. ஃபாய்ட், டெக்சாஸ்காரர். பத்து நாள் முன்புதான் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தை மூன்றாவது முறையாக ஜெயித்திருந்தார். பெரும்பாலும் முட்டை வடிவத் தடங்களில் இடப்பக்கம் திருப்பிப் பழகியவர், லே மானை அதுவரை ஓட்டியதே இல்லை. இருவருமே முதலிடத்துக்குப் பிறந்தவர்கள், அமெரிக்கத் தடங்களில் ஒருவரையொருவர் துரத்தியவர்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி! யார் வேகம் என்று தங்களுக்குள் போட்டி போட்டே காரை உடைத்துவிடுவார்கள் என்று விமர்சகர்கள் ஆரூடம் எழுதினார்கள். கர்னி அதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தார். பதில் சொல்லவில்லை.

பதில் சொல்ல நேரமும் இல்லை. புதன், வியாழன் மாலைகளில் பயிற்சி ஓட்டம். சுற்றின் நீளம் 13 கிலோமீட்டருக்கு மேல். அதில் முல்சான் ஊரை நோக்கிப் போகும் நேர்ச்சாலை மட்டும் ஆறு கிலோமீட்டர். மற்ற நாளில் பால் வண்டியும் டிராக்டரும் போகிற நெடுஞ்சாலை அது. இரண்டு பக்கமும் மரங்கள், வீடுகள். இருட்டில், விளக்கு வெளிச்சத்துக்குள் சாலை முளைத்து முளைத்து வந்துகொண்டிருக்கும். அப்படிப் போய்த் திரும்பிய மார்க்-4 கார்களின் முன்கண்ணாடியில் விரிசல் விழுந்தது. கல் பட்டிருக்கும் என்று மாற்றினார்கள். புதுக் கண்ணாடியும் விரிந்தது. ஒன்றல்ல, கார் காராக. கண்ணாடியைப் பதப்படுத்தியதிலேயே கோளாறு. கோடிக்கணக்கில் செலவு செய்து கொண்டுவந்த படை, ஜன்னல் இல்லாமல் நின்றது.

அமெரிக்காவுக்கு அவசரத் தகவல் பறந்தது. புதிய பதத்தில் கண்ணாடிகள் செய்து விமானம் ஏற்றினார்கள். அவை அட்லாண்டிக்கைத் தாண்டி வந்துகொண்டிருக்க, கொட்டகையில் மெக்கானிக்குகள் மற்ற வேலைகளை முடித்து வைத்துக் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சி கிடையாது. காத்திருப்பவர்களுக்கு அதைவிட நீளமான நாள் வேறில்லை. கண்ணாடிகள் வந்தன, சட்டங்களில் பொருந்தி உட்கார்ந்தன. ஆனால் முழு வேகத்தில், முழு ராத்திரி, அவை தாங்குமா என்று சோதித்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. சோதனையைப் பந்தயத்திலேயே நடத்த வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை நான்கு மணி. கார்கள் ஒரு பக்கம் சாய்வாக வரிசையில், ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். கொடி அசைந்ததும் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, தாவி ஏறி, சாவியைத் திருப்பிப் பறந்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்தது கர்னி, ஃபாய்ட் சண்டையை. நடந்தது வேறு. மூர்க்கர் என்று பேரெடுத்த கர்னி கிழவர் மாதிரி ஓட்டினார். முல்சான் சாலை முடிய இன்னும் தூரம் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். காற்றே காரைப் பிடித்து இழுத்துப் பாதி வேகத்தைக் குறைத்த பிறகுதான் பிரேக்கைத் தொடுவார். கனத்த காரை 340-லிருந்து நிறுத்தும் பிரேக்குகள்தான் முதலில் சாகும் என்பது அவர் கணக்கு. ஃபாய்ட்டும் அந்தக் கணக்குக்கு ஒத்துப்போனார். இருட்டுவதற்கு முன்பே முதலாம் எண் கார் முன்னணியில் இருந்தது. மற்ற ஃபோர்டுகளுக்கு ராத்திரி வேறு கணக்கு வைத்திருந்தது.

விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் இன்னொரு மார்க்-4 காரின் ஓட்டுநர் மேரியோ ஆண்ட்ரெட்டி பிரேக் கட்டைகளை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். முதல்முறை பிரேக்கை மிதித்ததுமே சக்கரம் பூட்டிக்கொண்டது. கார் சுழன்று, தடுப்பில் மோதி, நடுச்சாலையில் கிடந்தது. பின்னால் வந்த இரண்டு ஃபோர்டுகள் அவர்மேல் ஏறாமலிருக்க ஒதுங்கி, அவையும் நொறுங்கின. ஒரே வளைவில், கண்மூடித் திறப்பதற்குள், மூன்று கார்கள் காலி. ஆண்ட்ரெட்டி விலா எலும்புகள் முறிந்து, உயிரோடு வெளியே வந்தார். அவரைச் சுற்றி நின்று காத்தது, கென் மைல்ஸ் இறந்ததால் வைக்கப்பட்ட அந்த எஃகுக் கூண்டு.

இப்போது ஃபெராரி மோப்பம் பிடித்துவிட்டது. அதன் ஓட்டுநர் மைக் பார்க்ஸ் சில சுற்றுகள் பின்தங்கியிருந்தாலும், கர்னியின் முதுகில் ஒட்டிக்கொண்டு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுச் சீண்டினார். ஆத்திரப்பட்டு விரட்டினால் கார் உடையும், அதுதான் வேண்டும். ஆரூடக்காரர்கள் சொன்ன இடம் இதுதான். கர்னி ஆர்னாஜ் வளைவுக்குப் பக்கத்தில் புல்மேட்டில் காரை ஒதுக்கி நிறுத்தினார். உலகத்தின் மிகப் பெரிய வேகப் பந்தயத்தில், முன்னணியில் இருந்தபடி, நின்றார். பார்க்ஸும் பின்னால் நின்றார். இரண்டு கார்களும் இருட்டில் உறுமிக்கொண்டிருந்தன. சில நொடிகள் கழித்துப் பார்க்ஸுக்கு அலுத்தது. கிளம்பிப் போனார். கர்னி தன் வேகத்தில் பின்தொடர்ந்தார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முதலாம் எண் கார் 388 சுற்றுகளை முடித்திருந்தது. 5,232 கிலோமீட்டருக்கு மேல், சராசரி மணிக்கு 218 கிலோமீட்டர். லே மானில் அதுவரை யாரும் 5,000-ஐத் தொட்டதில்லை. நான்கு சுற்று பின்னால் பார்க்ஸின் ஃபெராரி. விரியும் என்று பயந்த கண்ணாடி விரியவில்லை. உடையும் என்று எழுதிய கார் உடையவில்லை. கர்னியும் ஃபாய்ட்டும் மேடை ஏறினார்கள். கீழே இரண்டாம் ஹென்றி ஃபோர்டு மனைவியோடு, அணித் தலைவர் கரோல் ஷெல்பி மனைவியோடு, புகைப்படக்காரர்கள், அப்புறம் ஆரூடம் எழுதிய அந்த நிருபர்கள். எல்லோரும் வாகான தூரத்தில், அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். கர்னியின் கையில் ஒரு பெரிய மொயெட் ஷாண்டன் பாட்டிலைக் கொடுத்தார்கள். குடிக்கத்தான் கொடுத்தார்கள்.

சிஃபெரிடம் பாட்டில்தான் முந்திக்கொண்டது. கர்னியிடம் கை முந்தியது. ஒரு வாரத்து விரிசலும் தூக்கமில்லாத ராத்திரியும் ஆரூடமும் உள்ளே அடைபட்டிருந்த மனிதர், பாட்டிலைப் பிடித்துக் குலுக்கினார். பீறிட்டது. புகைப்படக்காரர்கள் லென்ஸைப் பொத்திக்கொண்டு சிதறினார்கள். கம்பெனி அதிபரின் கோட்டு நனைந்தது. ஷெல்பி நனைந்தார், மனைவிமார் நனைந்தார்கள், ஆரூடக்காரர்களும் நனைந்தார்கள். அழிந்துபோகும் என்று ஊரே சொன்ன ஜோடி ஜெயித்த அந்த நிமிஷத்தை வேறெப்படிக் கொண்டாடுவதென்று தெரியவில்லை என்ற அர்த்தத்தில்தான் பின்னாளில் கர்னி சொன்னார். விலையுயர்ந்த ஒயினை இப்படி வீணாக்கியதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. படங்கள் உலகம் சுற்றின. அடுத்த மேடைகளில் அடுத்த ஓட்டுநர்கள் பாட்டிலைப் பார்த்த பார்வையே மாறியிருந்தது.

அதன் பிறகு எந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தாலும், கோப்பை வாங்கிய கையோடு செய்கிற காரியம் அதுவாயிற்று: பாட்டிலைக் குலுக்கி, கட்டைவிரலால் வாயை அடைத்து, பக்கத்துப் படியில் நிற்கும் போட்டியாளர்மேல் பீய்ச்சுவது. ஃபார்முலா ஒன் மேடை, மோட்டார்சைக்கிள் மேடை, சைக்கிள் மேடை என்று எங்கும் பரவிய ஷாம்பெயின் அபிஷேகம் பிறந்தது அந்த ஞாயிறு மாலைதான். மேடையில் மது வைக்காத பஹ்ரைனில் மாதுளையும் பன்னீரும் கலந்த பானத்தை அதே மாதிரி பீய்ச்சுகிறார்கள். உள்ளே இருப்பது எதுவானாலும் சரி, பீறிட வேண்டும், அவ்வளவுதான். நான்காவதாக வந்த சிஃபெரை மேடை ஏற்றிய தனிப் பரிசு வழக்கமும் தொலைதூரப் பந்தயங்களில் வேறு உருவத்தில் வாழ்கிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில், பயிற்சியில் ஒரு விபத்தையும் தாண்டி, நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்து மேடை ஏறியது அப்படித்தான். ஃபோர்டு அதிகாரிகள் உட்கார்ந்து யோசித்து அமைத்த மூன்று கார்ப் படம் இன்றைக்கும் ஒரு சச்சரவாகத்தான் நினைவில் இருக்கிறது. யாரும் யோசிக்காமல் தெறித்த நுரையோ, உலகத்துக்கே சடங்காகிவிட்டது.

அந்தப் பாட்டில் என்னவாயிற்று என்பது கடைசித் திருப்பம். காலியானதும் கர்னி அதில் கையெழுத்திட்டு, கூட்டத்தில் நனைந்து நின்ற 'லைஃப்' பத்திரிகைப் புகைப்படக்காரர் ஃபிளிப் ஷுல்கேயிடம் கொடுத்துவிட்டார். ஷுல்கே அதை வீட்டுக்குக் கொண்டுபோய், வாயில் பல்பைப் பொருத்தி, மேஜை விளக்குக்குத் தண்டாக்கினார். பந்தய உலகம் முழுக்க மேடைக்கு மேடை ஷாம்பெயின் பீறிட்ட அத்தனை வருஷமும், அதையெல்லாம் தொடங்கிவைத்த பாட்டில், ஒரு வீட்டு மூலையில், மேலே விளக்குக் கூடு கவிழ்த்து, படிக்க வெளிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. பல வருஷம் கழித்து ஷுல்கே அதைக் கர்னிக்கே திருப்பித் தந்தார். இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு ஆள் நெருங்கிய ஒரு ஜாதியில் பிறந்து, இவ்வளவு சாதுவாக வேலை பார்த்த பாட்டில் வேறு ஒன்று இருந்திருக்காது.